பதவி உயர்வு கிடைத்திருக்கிறது. இதைக் கொண்டு ஆண்டவரை எப்படிக் கனப்படுத்துவது?

மேலாளராக உயர்ந்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து ஆண்டவர் செய்ததைச் சாட்சியாகச் சொல்லச் சொல்கிறார்கள், தற்புகழ்ச்சியாகிவிடாமல் இந்த வெற்றியால் ஆண்டவரை எப்படிக் கனப்படுத்துவது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவன். இப்போது ஈப்போவில் கணக்காய்வாளராகத் தொழில் செய்கிறேன். நீங்கள் நிற்கப்போகும் இடத்தில் நானும் ஒருமுறை நின்று தவறியிருப்பதால், அதையே முதலில் சொல்கிறேன்.

கணக்கியல் தேர்வின் கடைசித் தாளில் தேறிய ஆண்டு, அறுப்பின் பண்டிகை ஆராதனையில் சாட்சி சொன்னேன். எத்தனை தாள், எவ்வளவு மதிப்பெண் என்று அடுக்கிவிட்டு, கர்த்தர் என்னை வாலாக்காமல் தலையாக்கினார் என்று முடித்தேன். வெளியே வந்தபோது, என் அம்மாவோடு அடுத்தடுத்த நிரையில் ரப்பர் பாலுக்காக மரம் சீவிய ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்னைத் தலையாக்குன ஆண்டவரு என் பிள்ளைய வாலாக்கிட்டாரா, தம்பி?" என்று கேட்டார். அவருடைய மகனும் நானும் ஒரே தமிழ்ப்பள்ளியில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள், அவன் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மில் தேறவில்லை. அந்த அம்மா கோபத்தில் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

பதில் கிடைத்தது வேதாகமத்தில், உபாகமம் 26ஆம் அதிகாரத்தில். நிலத்தின் முதல் விளைச்சலான முதற்பலனைக் கூடையில் கொண்டுவரும் இஸ்ரவேலன் ஆசாரியனுக்கு முன்பாக என்ன சொல்லவேண்டும் என்று அங்கே எழுதியிருக்கிறது. தான் எப்படி உழுதான், எவ்வளவு விளைந்தது என்பதைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் கிடையாது. என் தகப்பன் நாடற்று அலைந்தவன், கொஞ்சம் பேரோடு எகிப்துக்குப் போனவன், அங்கே ஒடுக்கப்பட்டோம், கூப்பிட்டோம், கர்த்தர் கேட்டார் என்றுதான் அவன் சொல்லவேண்டும். அந்த வசனங்களை வாசிக்கும்போதெல்லாம், நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கிய என் தாத்தாவின் முகம் எனக்கு முன்னால் வந்து நிற்கும். என் சான்றிதழின் கதை தேர்வு மண்டபத்தில் தொடங்கவில்லை, அந்தக் கப்பலிலேயே தொடங்கிவிட்டது. அதை விட்டுவிட்டு நான் சொன்னது அரைச் சாட்சிதான்.

இன்னொன்றையும் பிறகுதான் கவனித்தேன். கூடையைப் பற்றிச் சொல்வதற்கு முந்தின அதிகாரத்தில், பையிலே பெரிதும் சிறிதுமாக இரண்டு வகை நிறைகற்கள் வைத்திருக்கக்கூடாது என்ற கட்டளை இருக்கிறது. இது எனக்கு நெருக்கமான வசனம். அம்மா விடியுமுன் ஆளெண்ணும் பிரட்டுக்குப் போய், மரப்பட்டையை வெட்டி, மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணங்களில் இறங்கிய பாலை வாளியில் சேர்த்து, தோளில் வைக்கும் காண்டாக் கம்பில் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு வருவார். அங்கே எடை போட்டு, பாலில் ரப்பர் எவ்வளவு என்று மெட்ரோலாக் கருவியை மிதக்கவிட்டுப் பார்ப்பார்கள். தராசு முள் அசைவு நிற்பதற்குள், கணக்கு எழுதும் கிராணி எண்ணைச் சொல்லிவிடுவார். அம்மா அதைப் பார்ப்பார், ஒன்றும் பேசமாட்டார், தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொள்வார். எட்டு வயதில் பக்கத்தில் நின்று அதைப் பார்த்தவன் நான். இன்று ஒரு நிறுவனம் ஊழியருக்குக் கொடுக்கவேண்டிய மிகைநேரச் சம்பளத்தைக் குறைத்துக் காட்டிய கணக்கைக் கொண்டுவந்தால், கட்டணம் எவ்வளவானாலும் அதில் கையெழுத்திட என்னால் முடியாது. அதனால் சில வாடிக்கையாளர்களை இழந்திருக்கிறேன். பதவி எப்படி வந்தது, அதில் அமர்ந்து என்ன செய்கிறோம் என்பது சரியாக இருந்தால்தான் காணிக்கைக் கூடைக்கே அர்த்தம் இருக்கிறது.

அதற்காக உங்கள் திறமையை மறைக்கவும் வேண்டாம். எகிப்தின் ராஜாவான பார்வோன் தன் சொப்பனத்துக்கு அர்த்தம் கேட்டபோது "நான் அல்ல", தேவனே பதில் தருவார் என்று சொன்ன அதே யோசேப்பு, அடுத்த மூச்சில் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேமிக்கும்படி தெளிவான திட்டத்தைக் கொடுத்தான். ஆண்டவர் கொடுத்த அறிவை ஒன்றுமில்லை என்று சொல்வதும் நன்றியாகாது.

கூடையை வைத்துப் பணிந்துகொண்ட பிறகு, சொந்த நிலமில்லாத லேவியனோடும், நடுவிலே குடியிருக்கும் அந்நியனான பரதேசியோடும் சேர்ந்து சந்தோஷப்படு என்று அந்த அதிகாரம் சொல்கிறது. அந்த அம்மாவின் கேள்விக்கு என்னால் வாயால் சொல்ல முடியாத பதிலை இங்கேதான் கண்டேன். அந்தச் சந்தோஷத்தில் அவருக்கும் அவர் பிள்ளைக்கும் நான் இடம் வைக்கவில்லை. பல ஆண்டுகளாகச் சனிக்கிழமை காலையில், சபை மண்டபத்தில், தேர்வில் ஒருமுறை தவறிய பிள்ளைகளுக்குக் கணக்கியல் சொல்லிக்கொடுக்கிறேன். இப்போது அந்த அம்மாவின் பேரனும் வருகிறான்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை தயங்காமல் எழுந்து நில்லுங்கள். உங்களைத் தூக்கிவிட்டவர்களின் பெயர்களை முதலில் சொல்லுங்கள். நீங்கள் செய்த அதே ஜெபத்தைச் செய்து இன்னும் பதிலுக்குக் காத்திருப்பவர்களும் எதிரே உட்கார்ந்திருப்பார்கள். அவர்களை மனதில் வைத்துச் சுருக்கமாகப் பேசுங்கள். ஆராதனை முடிந்ததும் அவர்களில் ஒருவரை மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு அழைத்துப்போங்கள்.