தொப்பி பேட்ஜ் அசலா? பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: புதுச்சேரி ஞாயிறு சந்தையில் மூன்று பழைய ராணுவத் தொப்பி பேட்ஜ் வாங்கினேன். ஒன்றில் யானை, ஒன்றில் கிரீடமும் 'ஆர்.ஐ.ஏ.எஸ்.சி' எழுத்துகளும், மூன்றாவதில் நங்கூரம். எல்லாமே இரண்டாம் உலகப் போர்க் காலத்தவை, ஒரே சொல்தா (பிரெஞ்சுப் படையில் இருந்தவர்) வீட்டிலிருந்து வந்தவை என்கிறார் கடைக்காரர். நம்பலாமா? புளி போட்டுத் தேய்க்கலாமா?
- வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: முதலில் அந்தப் புளியை எடுத்து வையுங்கள். பிராஸோ போன்ற உலோக பாலிஷும் வேண்டாம். எழுத்தின் இடுக்கில் படிந்த கறுப்பும், பின்னால் ஏறிய பச்சைக் களிம்பும்தான் இப்போதைக்கு உங்களிடம் உள்ள சாட்சி. உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள், அது போதும்.

அப்புறம் பேட்ஜைக் கவிழ்த்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். பித்தளைத் தகட்டை அச்சில் வைத்து அடித்துச் செய்ததென்றால், முன்னால் மேடாக இருப்பது பின்னால் பள்ளமாக, ஓரளவு தெளிவாகவே தெரியும். இடையில் வெட்டி எடுத்த ஓட்டைகளின் ஓரம் கூர்மையாக இருக்கும். மணலில் வார்த்ததென்றால் பின்பக்கம் தட்டையாகவோ சொரசொரப்பாகவோ இருக்கும், ஊசிமுனைக் குழிகள் தென்படும், எழுத்தின் விளிம்பு மழுங்கியிருக்கும். அசலை வைத்து அச்செடுத்து வார்த்த நகல், உலோகம் ஆறும்போது சுருங்குவதால் அசலைவிடக் கொஞ்சம் சின்னதாகவும் வரும்.

வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் பலர் வார்ப்பு என்றாலே போலி என்று ஒதுக்கிவிடுவார்கள். நம் நாட்டுப் பொருளுக்கு அந்த அளவுகோல் பொருந்தாது. போர்க்காலத்தில் படைப்பிரிவுகளின் தேவைக்காக உள்ளூர்ப் பட்டறைகளே பித்தளையில் பேட்ஜ் வார்த்துக் கொடுத்தன. அவை முரட்டுத்தனமாக இருக்கும், ஆனால் ஒரு சிப்பாய் தலையில் வைத்தவை. அதனால் வார்ப்பு என்று தெரிந்ததும் தூக்கி எறியாதீர்கள். மாட்டும் வளையங்களைப் பாருங்கள். பல வருடம் துணியில் உரசிய வளையத்தின் உள்பக்கம் தேய்ந்திருக்கும், ஈயப்பற்றும் மங்கிப்போயிருக்கும். முகம் மட்டும் கறுத்துப் பழசாகத் தெரிய, பின்னால் பற்று பளபளவென்று இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும்.

இனி உங்கள் மூன்றும்.

கிரீடம் போட்டது ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கார்ப்ஸ், அதாவது வண்டியும் சரக்கும் பார்த்த பிரிவு. அதில் கிரீடத்தின் வடிவம்தான் விஷயம். 1901 முதல் 1952 வரை பிரிட்டிஷ் மன்னர்கள் காலத்துக் கிரீடத்தின் வளைவுகள் மேலே உருண்டு குவிந்திருக்கும். எலிசபெத் ராணி காலத்துக் கிரீடத்தில் அவை நடுவில் உள்வாங்கிப் பள்ளமாக இருக்கும். 1950 ஜனவரி 26-க்குப் பிறகு இந்தியப் படையில் 'ராயல்' பட்டமும் இல்லை, கிரீடமும் இல்லை. ஆகவே உங்களுடையதில் நடுப்பள்ளம் தெரிந்தால் யோசிக்கவே வேண்டாம், அது பிற்காலத்தில் செய்த நகல். குவிந்த கிரீடம் இருந்தால் அது அசலாக இருக்க வாய்ப்பு உண்டு, அவ்வளவுதான். நகல் செய்பவர்களுக்கும் இந்தக் கணக்கு தெரியும்.

யானை, கேடயம், குறுக்கே இரண்டு வாள் என்றால் மெட்ராஸ் ரெஜிமென்ட். 1803-ல் அஸ்ஸாயே போரில் மதராஸ் பட்டாளங்கள் காட்டிய வீரத்துக்குக் கிடைத்த யானை அது. குன்னூர் பக்கம் வெலிங்டனில் இருக்கும் அந்த ரெஜிமென்ட் இன்றும் அதே யானையைத்தான் அணிகிறது. அதனால் யானையை மட்டும் வைத்துப் போர்க்காலம் என்று சொல்ல முடியாது. முலாம் பூசி மினுமினுப்பாக இருந்தால், உங்கள் தெருவிலேயே ஓய்வுபெற்று வந்த ஒருவருடையதாகக்கூட இருக்கலாம். அது அசல்தான், பழசு இல்லை. சந்தையில் சுத்தப் போலியைவிட, நிஜமான பேட்ஜுக்கு வயதைக் கூட்டிச் சொல்வதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

நங்கூரம்தான் எனக்கு ஆசையைத் தூண்டுகிறது. பார்த்ததும் கடற்படை என்று நினைக்கத் தோன்றும். ஆனால் பிரெஞ்சுக் காலனியத் தரைப்படையின் சின்னமும் பொன்னிற நங்கூரமே. பிரெஞ்சுக்காரர்கள் வியட்நாம் பக்கம் நடத்திய இந்தோசீனப் போருக்குப் புதுச்சேரியிலிருந்து போனவர்கள் உண்டு. பின்பக்கத்தில் 'திராகோ பாரி' என்று பிரெஞ்சுத் தயாரிப்பாளர் பெயரோ, ஜி என்ற எழுத்தோடு ஒரு பதிவு எண்ணோ பொறித்திருக்கிறதா என்று லென்ஸ் வைத்துத் தேடுங்கள். அந்த ஜி எண் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பதிவு முறையைச் சேர்ந்தது. எதுவுமே இல்லையென்றால், வணிகக் கப்பல் ஊழியரின் தொப்பியிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம். கடலூரும் புதுச்சேரியும் துறைமுக ஊர்கள்தானே.

மூன்றும் ஒரே வீடு என்பதை நான் அடியோடு மறுக்க மாட்டேன். புதுச்சேரியைச் சேர்ந்த பாகூர் பிரெஞ்சுக்காரரிடமும் பக்கத்துக் கடலூர் ஆங்கிலேயரிடமும் இருந்த காலத்தில், சொந்தபந்தம் எல்லையின் இரண்டு பக்கமும் இருந்தது. அண்ணன் ஒரு படையிலும் தம்பி இன்னொரு படையிலும் சேர்ந்திருக்கலாம். ஆனால் அதற்குக் காகிதம் வேண்டும். கடைக்காரரிடம் அடுத்த ஞாயிறே கேளுங்கள்: அந்த வீட்டிலிருந்து 'லிவ்ரே மிலித்தேர்' என்ற பிரெஞ்சு ராணுவச் சேவைப் புத்தகம், பென்ஷன் தாள், சீருடையில் எடுத்த போட்டோ ஏதாவது வந்ததா என்று. பழைய பேப்பர் என்று எடைக்குப் போட்டுவிடுவார்கள், அதனால் தள்ளிப்போடாதீர்கள். அதுவரை கதைக்காக ஒரு ரூபாயும் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம்.