கூப்பன் கொடுத்ததால்தான் வியாபாரம் குறைந்ததா?

கேள்வி: எங்களுக்கு மூன்று ஜவுளிக் கடைகள். இரண்டு வருட பில் விவரங்களை ஒரு நிறுவனம் அலசிப் பார்த்து, கூப்பன் போனவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாக வாங்குவதாகச் சொல்கிறது. கூப்பனை நிறுத்திவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். கூப்பனை யாருக்கு அனுப்பினீர்கள்? ஆறு மாதமாகக் கடைப்பக்கமே வராதவர்களுக்கு என்றால், அவர்கள் எப்படியும் குறைவாகத்தான் வாங்கியிருப்பார்கள். பழி மட்டும் கூப்பன் மேல்.

ஒரு தாளில் மூன்று வட்டம் போடுங்கள்: கூப்பன், விற்பனை, வரத்து நின்றவர். எது எதை மாற்றுகிறதோ அதற்கு ஓர் அம்பு. மூன்றாவதிலிருந்து மற்ற இரண்டுக்கும் அம்பு போகும். அப்படியென்றால், வரத்து நின்றவர்களுக்குள்ளேயே கூப்பன் கிடைத்தவரையும் கிடைக்காதவரையும் ஒப்பிட வேண்டும்.

1986-இல் பிரிட்டனில் வெளியான சிறுநீரகக் கல் ஆய்வில் இதே கூத்து. மொத்தமாகப் பார்த்தால் திறந்த அறுவை சிகிச்சைக்கு 78 சதவீத வெற்றி, துளை வழிச் சிகிச்சைக்கு 83. கல்லின் அளவைப் பிரித்தால் தலைகீழ்: சிறிய கல்லில் 93-க்கு 87, பெரிய கல்லில் 73-க்கு 69 என்று இரண்டிலும் திறந்த சிகிச்சையே மேல். பெரிய கல் கேஸ்கள் பெரும்பாலும் அதன் தலையில் விழுந்திருந்தன.

‘எங்கள் ஏ.ஐ. காரணத்தைத் தானே கண்டுபிடிக்கும்’ என்று வருபவர்களிடம் உஷார். பில் அட்டவணையில் இருக்கிற பத்தியை (column) எல்லாம் உள்ளே கொட்டுவார்கள். ‘கடைக்கு வந்த தடவை’ என்ற பத்தியும் போகும். கூப்பன் வேலை செய்வதே ஆளை வரவழைத்துத்தானே? வருகையைச் சமமாக்கிவிட்டால், அதாவது ஒரே அளவு தடவை வந்தவர்களை மட்டும் ஒப்பிட்டால், கூப்பனின் பலனும் அதோடு துடைத்துப் போய்விடும். அதற்குப் பில் வேறு போடுவார்கள்!

ஒரு சிக்கல் உண்டு. விற்பனை படுத்ததும் கூப்பன் விடுவீர்கள், கூப்பனால் விற்பனை ஏறும், ஏறியதும் கூப்பனை நிறுத்துவீர்கள். அம்பு வட்டமடிக்கும், இந்தப் படத்தில் அதற்கு இடமில்லை. வாரவாரியாகப் பிரியுங்கள். முதல் வார விற்பனையிலிருந்து இரண்டாம் வாரக் கூப்பனுக்கு ஓர் அம்பு, அங்கிருந்து மூன்றாம் வார விற்பனைக்கு ஓர் அம்பு. காலம் பின்னால் ஓடாது, வட்டம் அவிழ்ந்துவிடும். மாதக் கணக்கு மட்டும் இருந்தால் இது நடக்காது.

பல கல்லூரிகளில் மென்பொருள் பட்டனை அழுத்தச் சொல்லித்தருகிறார்கள், இந்த மூன்று வட்டத்தைப் போடச் சொல்லித்தருவதில்லை. பல பில்லிங் மென்பொருள்களிலோ கூப்பன் ஏன் போனது என்று எழுத ஒரு கட்டம்கூடக் கிடையாது.

சரி, அடுத்த முறை வரத்து நின்றவர்கள் பட்டியலில் சீட்டுக் குலுக்கிப் பாதிப்பேருக்கு மட்டும் கூப்பன் அனுப்புங்கள். யாருக்கு, எந்தத் தேதியில் போனது என்று ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். இரண்டு மாதம் கழித்து இரு பாதியின் பில்லையும் கூட்டிப் பார்த்தால் போதும். அதற்குக் கால்குலேட்டரே தாராளம்.