ஹெட்செட் வாங்கும் முன் கேஸை எழுதுங்கள்

கேள்வி: பார்மசி கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். மாணவர்கள் நோயாளியிடம் பேசிப் பழக மெய்நிகர் உலக லேப் அமைத்துத் தருவதாக ஒரு ஏஜெண்ட் வந்திருக்கிறார். கண்ணை மூடித் தலையில் மாட்டிப் பார்க்கும் 30 ஹெட்செட், மூன்றாண்டு லைசென்ஸ். இதை வைத்துச் செய்முறை வகுப்பையும் குறைக்கலாம் என்கிறார். நிர்வாகம் கையெழுத்துப் போடத் தயார். வாங்கலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். நோயாளியிடம் பேசிப் பழக ஹெட்செட்டே தேவையில்லை. கணினித் திரையில் ஓடும் மெய்நிகர் மருந்துக்கடை போதும். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் உருவாக்கிய மைடிஸ்பென்ஸ் அந்த வகைதான். பல நாட்டுக் கல்லூரிகளில் புழக்கத்தில் இருக்கிறது.

மாணவருக்குப் பாடம் சொல்லித்தருவது நீங்கள் எழுதும் கேஸ், அதாவது நோயாளியின் கதை. முடக்குவாத நோயாளி ஒருவர் மருந்துச்சீட்டோடு வருகிறார் என்று வையுங்கள். மெத்தோட்ரெக்சேட், தினமும் என்று எழுதியிருக்கிறது. இந்த நோய்க்கு அது வாரம் ஒருமுறை கொடுக்கும் மருந்து. மாணவர் கவனிக்காமல் எடுத்துக் கொடுத்தால், அடுத்த காட்சியில் அதே நோயாளி வாயெல்லாம் புண்ணாகி, காய்ச்சலோடு வந்து நிற்க வேண்டும். கவனித்துவிட்டால், மருத்துவரிடம் போனில் என்ன சொல்வார் என்பதை அவரே தட்டச்சு செய்ய வேண்டும். நான்கு விடையில் ஒன்றைத் தொடு என்று வந்தால் அது வெறும் பரீட்சைத்தாள். பக்கத்தில் வெள்ளைக் கோட்டு போட்ட பொம்மை நிற்பதால் எதுவும் மாறிவிடாது.

இனி ஏஜெண்ட் விஷயம். டெமோவில் எல்லாமே அழகாகத்தான் இருக்கும். அவரிடம் இவற்றைக் கேளுங்கள்: கேஸை நாங்களே திருத்த முடியுமா? லைசென்ஸ் முடிந்தால் நாங்கள் எழுதியதை எடுத்துக்கொண்டு போகலாமா? மாணவர் எங்கே தவறினார் என்ற பதிவு யார் கையில் இருக்கும்? "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்றால் பேச்சை அதோடு நிறுத்துங்கள். 2003-இல் வந்த செகண்ட் லைஃப் என்ற இணைய மெய்நிகர் உலகில் எத்தனையோ பல்கலைக்கழகங்கள் இடம் பிடித்து வளாகம் கட்டின. 2011 தொடக்கத்தில் கல்விச் சலுகை நின்றதும் செலவு இரட்டிப்பானது. மைக்ரோசாஃப்டின் ஆல்ட்ஸ்பேஸ் என்ற மெய்நிகர் சந்திப்புத் தளம் 2023 மார்ச்சில் மூடப்பட்டது. மொசில்லா, அதே மாதிரியான தன் ஹப்ஸ் சேவையை 2024 மே மாதத்தோடு நிறுத்தியது. பெரிய நிறுவனங்களின் கதையே இப்படி இருக்க, உங்கள் ஏஜெண்ட் மூன்றாண்டுக்குப் பிறகு போனை எடுப்பாரா?

ஹெட்செட் உண்மையிலேயே உதவும் இடம் ஒன்று உண்டு: கிருமியில்லாமல் ஊசி மருந்து கலக்கும் சுத்த அறை. அங்கே மாணவர் கூட்டத்தை உள்ளே விட மாட்டார்கள், விடவும் கூடாது. அங்குள்ள லேமினார் ஏர்ஃப்ளோ மேசைகளில் ஒரு வகையில், வடிகட்டிய காற்று பின்சுவரிலிருந்து நம்மை நோக்கி வரும். கை குப்பிக்குப் பின்னால் போய்விட்டால், காற்று முதலில் கையைத் தொட்டுவிட்டுத்தான் குப்பிக்கு வரும். சுத்தம் அந்த நொடியே போச்சு. கண்ணுக்குத் தெரியாத காற்றைக் கரும்பலகையில் எப்படிப் புரியவைப்பது? மெய்நிகர் உலகில் அதை நீலக் கோடுகளாக ஓடவிடலாம். கை வைத்த இடத்தில் கோடு உடைவதை மாணவரே பார்ப்பார். மேலங்கி, கையுறை போடும் வரிசையையும் யாருக்கும் பாதகமில்லாமல் திரும்பத் திரும்பப் பழகலாம். ஆனால் அங்கேயும் நிஜ சிரிஞ்சைக் கையில் கொடுத்தே ஆக வேண்டும். மூடிய குப்பியிலிருந்து மருந்தை உறிஞ்சும்போது உள்ளே அழுத்தம் குறைந்து பிஸ்டன் குப்பிப் பக்கமாகத் திரும்ப இழுக்கும். அது விரலுக்குத்தான் தெரியும். ஆகவே செய்முறை வகுப்பைக் குறைக்கும் பேச்சுக்கே இடம் கொடுக்காதீர்கள். இந்த ஒரு வேலைக்கு நான்கைந்து ஹெட்செட்டை முறைவைத்துப் பயன்படுத்தினால் போதும். தலைசுற்றலும் குமட்டலும் வருகிறவர்களைத் திரையில் பார்க்கவிடுங்கள், மதிப்பெண்ணில் கை வைக்காதீர்கள்.

பெட்டி பெட்டியாக வாங்கப் பணம் ஒதுக்கும் நிர்வாகம், கேஸ் எழுதும் ஆசிரியருக்கு வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்காது. ஆய்வுக்குழு வந்தாலும் ஹெட்செட்டை எண்ணிக் குறித்துக்கொண்டு போய்விடும். நோயாளியிடம் மாணவர் என்ன கேட்டார் என்று யார் பார்க்கிறார்கள்? கேஸ் எழுதும் நேரத்தைப் பணிநேரமாகக் கணக்கில் சேர்க்கச் சொல்லி, அதை முதலில் எழுத்தில் வாங்குங்கள்.

அப்புறம் ஒரு பருவம் முழுக்கக் கணினியிலேயே நடத்துங்கள். கடைசியில், மாணவர்களுக்கு அறிமுகமில்லாத ஒருவரை நோயாளியாக நடிக்கவைத்து அதே மாதிரி கேஸை நேரில் கொடுங்கள். திரையில் சரியாகச் செய்தவர் நேரில் திணறினால் கேஸைத் திருத்துங்கள். இதற்குள் ஏஜெண்ட், சலுகை இந்த மாதத்தோடு முடிகிறது என்பார். முடியட்டும்.