வீட்டிலேயே மசாலா அரைக்கலாமா?

கேள்வி: சொந்த வீட்டில் மிளகாய்ப்பொடி, சாம்பார்ப்பொடி அரைத்து விற்க விரும்புகிறேன். குடியிருப்புப் பகுதியில் இதற்கு அனுமதி உண்டா? – வாசகி, தாம்பரம்

பதில்: முதலில் உங்கள் மனையின் சர்வே எண்ணைக் கொண்டு, அது முதன்மைக் குடியிருப்புப் பகுதியா, கலப்புக் குடியிருப்புப் பகுதியா என்பதைச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் நிலப்பயன்பாட்டு வரைபடத்தில் பாருங்கள். ஏனெனில், எந்தத் தொழிலை எங்கே நடத்தலாம், எத்தனை குதிரைத்திறன் மோட்டார் வைக்கலாம் என்பதைத் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019, அந்தப் பகுப்பை வைத்தே தீர்மானிக்கின்றன. ஆகவே இதை அறியாமல் இயந்திரத்துக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். பொதுச்சுவர் வழியே கேட்கும் இரைச்சலும், பக்கத்து மாடியில் காயும் துணியில் படியும் மிளகாய்த் தூளும்தான் புகாராக மாறும் என்பதால், அரைக்கும் அறையை அந்தச் சுவரிலிருந்து தள்ளி அமைப்பது நல்லது. மின் கட்டண வகையை மின்வாரியத்தில் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், 2006-இன்படி பதிவும் கட்டாயம். வீட்டுத் தயாரிப்புக்கு விலக்கில்லை.