பதில்: முகத்துவாரத்தின் நடுவில் மட்டும் ரேடியம் கூடுவது ஏன்?

கருவியைக் குறை சொல்லாதீர்கள். தேங்காய்ப்பட்டணம் முகத்துவாரத்தில் உப்புத்தன்மை 15 (கிலோ நீருக்கு சுமார் 15 கிராம் உப்பு) உள்ள இடத்தில் ரேடியம்-224 என்ற கதிரியக்க ரேடியம், ஆற்றுநீரையும் கடல்நீரையும்விட அதிகமாக வருகிறது என்கிறீர்கள். அங்கே அப்படித்தான் வரும்.

நன்னீரில் ரேடியம் வண்டல் துகள்களில் ஒட்டிக்கிடக்கிறது. உப்பு ஏற ஏற, கடல்நீரின் அயனிகள் அதைத் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. ரேடியம் நீரில் கரைந்துவிடுகிறது. ஆற்று மாதிரியிலிருந்து நீங்கள் வடிகட்டி எறிந்த கலங்கல்தான் கணக்கில் விட்டுப்போயிருக்கிறது.

சோதித்துப் பாருங்கள். கடல்நீரை முதலில், ரேடியத்தைப் பிடித்துவைக்கும் மாங்கனீசு பூசிய நாரில் ஓடவிட்டு ரேடியத்தை நீக்குங்கள். குழித்துறைப் பக்கம் ஆற்றில் எடுத்த கலங்கலை அதில் கலக்கி, சில மணி நேரம் வைத்திருந்து, வடித்து, புதிய நாரில் மெதுவாக விட்டு, அதில் சிக்கிய ரேடியத்தின் கதிரியக்கத்தை எண்ணுங்கள். எண்ணிக்கை ஏறினால் விடை கிடைத்துவிட்டது. ஏறாவிட்டால் மணலின் வழியே கசியும் நிலத்தடி நீரைச் சந்தேகியுங்கள். மணவாளக்குறிச்சிக் கரையின் கருமணலில் உள்ள மோனசைட் என்ற கனிமத்தில் தோரியம் இருக்கிறது, ரேடியம்-224 அது சிதைந்து வருவதுதானே!

ஒன்றை மறக்காதீர்கள்: 224-இன் அரையாயுள் (பாதி சிதைய ஆகும் காலம்) 3.66 நாள். நார் ஒரு வாரம் பையில் கிடந்தால் முக்கால் பங்கு போய்விடும். மூன்று, நான்கு வாரம் கழித்து அதே நாரை மீண்டும் எண்ணி, நாரில் ஒட்டிய தோரியம்-228 சிதைந்து புதிதாகத் தரும் 224-இன் பங்கைக் கழித்துவிடுங்கள். ஆற்றுநீரும் கடல்நீரும் கலந்த விகிதத்தை அறிய உப்புத்தன்மையே போதும். விரைவில் சிதையும் 224-ஐ நீரின் வயதறிய, அதாவது ரேடியம் நீரில் சேர்ந்து எத்தனை நாள் ஆயிற்று என்றறிய, வைத்துக்கொள்ளுங்கள்.