லைற் எரியுது, திரை கறுப்பு: மதர்போர்ட் மாற்ற முதல்

குருநகரிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "போன கிழமை கரண்ட் போய் வந்ததிலிருந்து மகளின் லப்டொப் வேலை செய்யுதில்லை. பட்டனை அமத்தினால் லைற் எரியுது, ஃபான் சுத்துது, திரை மட்டும் கறுப்பு. கடையில மதர்போர்ட் போயிட்டுது, மாத்த வேணும் எண்டு சொல்லுகினம். ஆய்வறிக்கை முழுக்க அதுக்குள்ளதான். என்ன செய்ய?"

மதர்போர்ட், அதாவது எல்லாப் பாகங்களும் கொழுவியிருக்கும் தாய்ப்பலகையை மாற்றக் காசைக் கொடுக்க அவசரப்படாதேங்கோ அக்கா. முதலில் கப்ஸ் லொக்கைத் தட்டிப் பாருங்கள். அதன் சின்ன லைற் தட்டத் தட்ட எரிந்து அணைந்தால் மெசின் உள்ளே ஓடுகிறது, பழுது திரைப் பக்கம். எச்டிஎம்ஐ வயரால் வீட்டு ரீவியில் கொழுவினால் படம் வரக்கூடும்.

கப்ஸ் லொக் லைற் மாறவில்லையா? சார்ஜரைக் கழற்றி, பற்றரி வெளியே எடுக்கக்கூடியதென்றால் அதையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனை 30 செக்கன் அமத்திப் பிடியுங்கள். போர்ட்டில் தேங்கிய மிச்ச மின் வடியும். கரண்ட் வெட்டுக்குப் பிறகு விறைத்துப்போன மெசின் இதிலேயே எழும்புவதுண்டு.

அதற்கும் மசியாவிட்டால் எனது சந்தேகம் ரெம்மில் (RAM, மெசினின் தற்காலிக நினைவக அட்டை). கடற்கரைப் பக்க வீடுகளில் உப்புக்காற்றும் ஈரமும் அதன் பொன்னிறப் பற்களை மங்கச் செய்துவிடும். பருத்தித்துறையிலிருந்து வந்த ஒரு மெசினில் ரெம் சொருகும் இடத்தில் எறும்பு முட்டையே கண்டிருக்கிறேன். அடிமூடியைக் கழற்றி, முதல் வேலையாகப் பற்றரி வயரைப் பிடுங்குங்கள். ரெம்மின் இருபக்கக் கொளுக்கிகளையும் விரித்தால் அது தானே சரிந்து எழும். வெள்ளை அழிறப்பரால் பற்களை மெல்லத் தேய்த்து, தூளை ஊதாமல் தூரிகையால் தட்டிவிடுங்கள். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் போய் ஒட்டும். சரிவாகச் சொருகி, 'டிக்' என்று கேட்கும்வரை கீழே அமத்துங்கள். இரண்டு ரெம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். சில புது மொடல்கள் இதன்பின் முதல் தடவை ஓரிரு நிமிடம் கறுப்பாகவே நிற்கும், பதறி நிறுத்திவிடாதேங்கோ. பல மெல்லிய மொடல்களில் ரெம் மதர்போர்ட்டிலேயே ஒட்டியிருக்கும். அங்கே இந்த வைத்தியம் செல்லாது.

பீப் சத்தமோ விட்டுவிட்டு மினுக்கலோ வந்தால் எத்தனை தடவை என்று எண்ணி எழுதுங்கள். பழுது எதிலென்று அந்தக் கணக்குச் சொல்லும். மொடலுக்கு மொடல் மாறும்.

ஆய்வறிக்கை இருப்பது கோப்புகளைச் சேமித்துவைக்கும் எஸ்எஸ்டியில். பெரும்பாலான லப்டொப்களில் அதைக் கழற்றி, யூஎஸ்பி பெட்டியொன்றில் போட்டு இன்னொரு கணினியில் படிக்கலாம். பிட்லொக்கர் என்ற விண்டோஸ் பூட்டு இருந்தால் 48 இலக்கத் திறவு எண் கேட்கும். மகளின் மைக்ரோசொஃப்ட் கணக்கில் தேடச் சொல்லுங்கள்.

திரும்பக் கடைக்குப் போனால், "வேறு ரெம் போட்டுப் பார்த்தீங்களோ?" என்று கேளுங்கள். இல்லையென்றால் மெசினை வாங்கிக்கொண்டு வாங்கோ.