தெருவில் நிற்கும் ஈகோ: வேனை விடுங்கள், முதலில் சைலன்சரைக் காப்பாற்றுங்கள்

கேள்வி: கோவையில் ஏசி மெக்கானிக்காக இருக்கிறேன். மாருதி ஈகோ கார்கோ வேன் வைத்திருக்கிறேன். வாடகை வீட்டில் வண்டி நிறுத்த இடமில்லை, இரவில் தெருவில்தான் நிற்கிறது. வேக்கம் பம்ப், கேஜ், செம்புக் குழாய் எல்லாம் உள்ளேயே கிடக்கும். போன மாதம் பக்கத்துத் தெருவில் நின்ற ஒரு ஈகோவின் சைலன்சரை ராத்திரியோடு ராத்திரியாகக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஜிபிஎஸ் மாட்டினால் போதுமா?

பதில்: போதாது. ஜிபிஎஸ் வண்டி எங்கே போகிறது என்று சொல்லும். பக்கத்துத் தெருவில் அந்த வண்டி எங்கேயும் போகவில்லையே! அதிர்வு வந்தால் போனுக்குத் தகவல் அனுப்பும் கருவிகளும் உண்டு. ஆனால் லாரி போகிற தெருவில் அதை இரண்டே நாளில் நீங்களே அணைத்து வைத்துவிடுவீர்கள்.

ஈகோவில் திருடன் கண் வைப்பது பெரும்பாலும் அடியில்தான். அவனுக்கு வேண்டியது சைலன்சர் குழாய் இல்லை, அதோடு சேர்ந்து வரும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர். அதற்குள் தேன்கூடு மாதிரி ஒரு கட்டி இருக்கும். புகையின் நச்சைக் குறைப்பதற்காக அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருப்பார்கள். அதைப் பொடியாக்கி எடை போட்டு விற்கிறார்கள். எல்லா பெட்ரோல் வண்டியிலும் இது உண்டுதான். ஆனால் ஈகோவுக்கு அடியில் ஜாக்கி போடாமலே ஆள் நுழைய முடிகிறது, கழற்றுவதும் சில நிமிட வேலை. டெல்லி, குஜராத், மகாராஷ்டிரா என்று பல இடங்களில் ஈகோவாகவே தேடித்தேடிக் கழற்றிய கும்பல்கள் பிடிபட்டிருக்கின்றன.

அதனால் முதல் செலவை இங்கே செய்யுங்கள். நல்ல பட்டறையில் கொடுத்து, கன்வெர்ட்டரைச் சுற்றி இரும்புக் கம்பியில் ஒரு கூண்டு அடிக்கச் சொல்லுங்கள். அது பயங்கரமாகச் சூடாகும் பாகம், எனவே கூண்டு ஒட்டாமல் இடைவெளி விட்டு நிற்க வேண்டும். தரையில் தட்டாத உயரமும் வேண்டும். கூண்டின் போல்ட் தலைகளில் ஒரு பொட்டு வெல்டிங் வைத்துவிட்டால் ஸ்பேனர் வேலை செய்யாது. வெல்டிங்குக்கு முன்னால் பேட்டரி இணைப்பைக் கழற்றச் சொல்ல மறக்காதீர்கள், இல்லாவிட்டால் இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரான இசியூ போய்விடலாம். சிஎன்ஜி வண்டி என்றால் சாதாரணப் பட்டறை வேண்டவே வேண்டாம். கன்வெர்ட்டர் உறையில் வண்டி எண்ணையும் பொறித்து வையுங்கள். அறுக்கிற மிஷினோடு வருகிறவனைக் கூண்டு முழுதாகத் தடுக்காது, நேரத்தை இழுக்கும், சத்தத்தைக் கூட்டும். தெருவில் அவனுக்கு ஆகாதது அந்த இரண்டும்தான்.

ஒரு நாள் காலையில் ஸ்டார்ட் செய்ததும் டிராக்டர் மாதிரிச் சத்தம் வந்தால் சைலன்சர் போய்விட்டிருக்கலாம், உடனே அணைத்துவிடுங்கள். ஈகோவில் இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கிறது. புகை உள்ளே வந்தால் கார்பன் மோனாக்சைடு ஆளையே சாய்த்துவிடும்.

அடுத்தது கருவிகள். சரியான வழி ஒன்றுதான்: வேக்கம் பம்பையும் கேஜையும் இரவில் வீட்டுக்குள் எடுத்துப் போய்விடுங்கள். அலுப்பாகத்தான் இருக்கும். தூக்க முடியாததற்கு, வேனின் தரையோடு போல்ட் போட்ட இரும்புப் பெட்டி, உள்பக்கமாகப் பூட்டு. உள்ளே இருப்பது தெரியாமல் இருக்கக் கறுப்பு ஃபிலிம் ஒட்டலாம் என்று யாராவது சொல்வார்கள். 2012ல் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டுவிட்டது. பிளைவுட் தடுப்பு அடித்துக்கொள்ளுங்கள்.

முழு வண்டியும் போவதைப் பற்றி: தெருவோரக் கடையில் வெட்டிய சாதாரண டூப்ளிகேட் சாவியில் இன்ஜின் ஓடுகிறதா? ஓடினால் இம்மொபிலைசர், அதாவது சரியான சாவி இல்லாமல் இன்ஜினை ஓடவிடாத மின்னணுப் பூட்டு, இல்லை என்று அர்த்தம். 2022 நவம்பரில் வந்த புதிய ஈகோவில் அது உண்டு. இல்லாத வண்டிக்கு, பெட்ரோல் பம்புக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டிக்கிற ஒரு ரகசிய சுவிட்ச் போதும், செலவும் அதிகமில்லை. டேஷ்போர்டுக்குக் கீழே மட்டும் வைக்காதீர்கள், எல்லாத் திருடனும் முதலில் தடவுகிற இடம் அதுதான். கூடவே ஒரு கியர் லாக். ஜிபிஎஸ்ஸை இதற்கெல்லாம் அப்புறம் மாட்டுங்கள்.

இன்சூரன்ஸிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. மூன்றாம் நபர் பாலிசி மட்டும் வைத்திருந்தால் திருட்டுக்கு ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது. முழு பாலிசி இருந்தாலும் உள்ளே இருந்த கருவிகள் அதில் வராது, தனிப் பாலிசி வேண்டும். வாங்கும்போது ‘வண்டிக்குள் இருக்கும்போதும் பொருந்துமா’ என்று எழுத்தில் கேளுங்கள். கருவிகளின் பில்லையும் சீரியல் நம்பரையும் படம் எடுத்து வையுங்கள்.

திருட்டு நடந்தால் அன்றே காவல் நிலையம் போங்கள். பெரும்பாலும் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீதைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். வண்டித் திருட்டு க்ளெய்முக்கு அது போதாது, எஃப்ஐஆர் வேண்டும். இப்படிப்பட்ட குற்றங்களுக்கு எஃப்ஐஆர் போட்டே ஆக வேண்டும் என்று 2013ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, பணிவாக ஆனால் விடாமல் கேளுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் அன்றைக்கே தகவல் போக வேண்டும். முழு வண்டியும் போனால் இரண்டு சாவியையும் ஒப்படைக்கச் சொல்வார்கள். ஒன்று எங்கே என்றே தெரியவில்லை என்றால், வண்டி கையில் இருக்கும்போதே பூட்டுத் தொகுப்பை மாற்றி, அந்த பில்லைப் பத்திரப்படுத்திவிடுங்கள்.